கரும்பில் கோடு போடுவது யார்?

வெள்ளானூர்,
12-12-1993

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் தாட்சாயிணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மனிதர்கள் எல்லோரும் நலம். கரும்பு மட்டும் நலமில்லை. அங்கே கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் நீங்களும், நீங்கள் கண்ணாடித் தட்டுகளில் வளர்க்கும் கிருமிகளும் நலமா?

சித்தப்பா, உங்கள் போன கடிதத்தை நான் வாய்விட்டு வாசித்திருக்கக் கூடாது. இந்தப் பொங்கலுக்கும் நம் கரும்பு கரையான்சாவடிக் கடைகளுக்குப் போகாவிட்டால், நிலத்தை மனை போடுகிறவரிடம் கொடுத்துவிட்டுப் பாடியில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போவதாக அப்பா சொல்லியிருக்கிறார். அந்த நேரம் பார்த்துத் தோகையில், ஸ்கேல் வைத்துப் பென்சிலால் இழுத்ததுபோல் நேராக ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. எல்லம்மா அத்தை, "ஏரிக்கரை நாணல்ல கீற முனி எறங்கிடுச்சி" என்றார். முனி இல்லை, பாக்டீரியா என்று நிரூபிக்கத்தான் வாசித்தேன். 'இது செடிக்குள் மாதக்கணக்கில் தூங்கும், வெளியே ஓர் அடையாளமும் இருக்காது' என்று எழுதியிருந்தீர்கள். "அத்தத்தான்டி நானும் சொல்லிகினு கீறேன்" என்றார் அத்தை. 'காட்டுப் புல்லும் நாணலும்தான் இதன் இயற்கையான இருப்பிடம்' என்றதும் ஏரிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். 'வெட்டுக்கத்தி வழியாகப் பரவும்' என்றதும், கரும்பு வெட்டும் வேம்புலி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "முனி இரும்புல ஏறும், எங்க நைனாவும் சொல்லும்" என்றார். 'பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் இருந்தாலும் மரபணுவைப் பார்த்தால் வெவ்வேறு குடும்பங்கள். நாணலில் இருப்பதும் கரும்பில் இருப்பதும் உறவா என்று ஒப்பிடப்போகிறோம், இலைகள் அனுப்பு' என்ற இடத்துக்கு முன்பே நான் நிறுத்தியிருக்கலாம். "ஒண்ணு இல்லியா? குடும்பம் குடும்பமா கீதா?" என்று அத்தை கேட்டார். உடனே பூசாரிக்கு ஆள் அனுப்பினார்.

பூசாரி கஜபதி வந்தார். கத்தியைக் கொதிநீரில் முக்கலாம் என்றேன். ஆயுத பூஜையில் வைத்த சந்தனப் பொட்டு தானாக உதிரும்வரை கழுவக் கூடாதாம். கத்தி நுனியில் எலுமிச்சம்பழம் குத்தினார்கள். கோழிக்குப் பதில் கரும்பையே காவு கொடுக்கலாம் என்று, கோடு விழுந்த வரிசையில் ஒன்றை வெட்டி, அதே கத்தியோடு நான்கு மூலைக்கும் போய், அங்கே நிற்கிற கரும்பிலெல்லாம் பூசாரி கீறல் போட்டார். வேண்டாம் வேண்டாம் என்று பின்னாலேயே ஓடினேன். என்னையும் முனி பிடித்துவிட்டது என்று என் முகத்தில் விபூதி அடித்தார்கள். மாதம் திரும்பவில்லை, நான்கு மூலையிலும் கோடு. "பாத்தியா, நாலு பக்கமும் காவலுக்கு நிக்குது" என்றார் பூசாரி. இது விஞ்ஞானம், என் சித்தப்பாவுக்குத் தெரியும் என்றேன். "எங்கையில பரிகாரம் கீது பாப்பா. உங்க சித்தப்பாரு கையில மருந்து கீதா?" என்றார். 'மருந்து கிடையாது, பிடுங்கி எரிக்க வேண்டியதுதான்' என்ற வரியை அப்போது போய் வாசித்துத் தொலைத்தேன். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

இப்போது நிற்கிற கரும்பின் கணுக்களிலிருந்தெல்லாம், உள்ளே யாரோ விரல் நீட்டுவதுபோல் குட்டிக் குட்டித் தளிர்கள் வருகின்றன. தோகை வெந்நீர் ஊற்றியதுபோல் வெளுக்கிறது. காற்றே இல்லாத மத்தியானத்தில் நடுவில் மட்டும் சலசலக்கிறது. வேம்புலி வயலுக்குள் இறங்க மாட்டேன் என்கிறார். ஆகவே, முனி என்று ஒன்று கிடையாது, இது கிருமிதான் என்று தயவுசெய்து தெளிவாக எழுதி அனுப்பவும். நான் பயப்படுகிறவள் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

சித்திக்கு என் நமஸ்காரம், பாப்பாவுக்கு முத்தங்கள். கிருமிகளோடு புழங்குகிறவர் என்று அத்தை உங்களுக்குத் திருநீறு மடித்துக் கொடுத்திருக்கிறார். தினமும் பூசிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள மகள்,
ஜ. தாட்சாயிணி

பி.கு.: கவருக்குள் மூன்று இலைகள் இருக்கின்றன. ஒன்று நாணல், ஒன்று நோய்க் கரும்பு, ஒன்று கத்தியே படாத நடுவரிசையில் நான் கையால் கிள்ளிய நல்ல கரும்பு. ஒட்டும் முன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மூன்றாவதிலும் கோடு இருக்கிறது. சித்தப்பா, மேலே நான் கேட்டதை எழுத வேண்டாம். முனிதான் என்றே எழுதிவிடுங்கள். முனியென்றால் மூன்று வெள்ளிக்கிழமை பூஜையில் போய்விடுமாம், அதுவரை அப்பா காத்திருப்பார். கிருமியென்றால் நாளைக்கே மனைக் கல் நடச் சொல்லிவிடுவார்.