பொன்னுரங்கம் புரண்டு பார்த்த ரூம்

இதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்தால் இந்த நாக்கு இனிமேல் வெற்றிலைக்கும் உதவாமல் போகட்டும். கெடிலம் ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் நின்று சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். கழுத்தளவு தண்ணீர் வரும்வரை காத்திருப்பது உங்கள் பாடு. நான் நேரில் பார்த்தது பாதி, பார்த்தவர்கள் சொன்னது பாதி. மூன்றாவது பாதி ஒன்றும் உண்டு. அதுவும் உண்மைதான்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பொன்னுரங்கம் என்று ஒருவர். சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கம்பெனி ஆள் குறைத்தபோது குறைந்த ஆள். அன்றிலிருந்து அவர் ஓர் இடத்தில் நிம்மதியாக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பேப்பரை நடந்துகொண்டே படிப்பார். தலையங்கம் முடியும்போது அடுத்த தெருவில் இருப்பார். சிதம்பரம் பஸ் செம்மங்குப்பத்தைத் தாண்டும்போது கம்பெனி நாற்றத்துக்கு எல்லோரும் ஜன்னலைச் சாத்த, இவர் மட்டும் திறந்து வைத்து ஆழமாக மூச்சை இழுப்பார். "ரெண்டாவது ஷிப்டு நல்லா ஓடுது" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லுவார்.

வீட்டில் உட்காராததற்குக் காரணம் அவருடைய கால் அல்ல. இடம். மனைவி ராஜாமணி தையல்காரி. பேட்டையில் பாதிப் பெண்களுக்கு அவள் தைத்த ஜாக்கெட்தான். நாற்காலியில் உட்கார்ந்தால் அது யாருடைய கல்யாணத் துணியாகவோ இருக்கும். கட்டிலில் சாய்ந்தால் கொக்கி டப்பா. மத்தியானத் தூக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதை அவர் அடுத்த வீட்டுக் குறட்டையை வைத்துத்தான் தெரிந்துகொண்டார்.

ஆகவே, சுனாமி வந்துபோன இரண்டாம் வருஷம், அவர் ஒரு மாபெரும் தீர்மானம் செய்தார். சிதம்பரத்தில், பஸ் ஸ்டாண்டு பக்கம், புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து வாங்கிப் போட்டிருந்த மனையில் ஒரு காம்ப்ளெக்ஸ் கட்டுவது. கீழே கடைகள், மேலே ஆபீஸ்கள். அதெல்லாம் ஊருக்கு. அவருக்கு வேண்டியது முகப்பில், ரோட்டைப் பார்த்த மாதிரி, ஓனர் ரூம் ஒன்று. ஒரு ஃபேன். ஒரு சாய்வு நாற்காலி. உள்பக்கம் தாழ்ப்பாள். தாழ்ப்பாள் ரொம்ப முக்கியம்.

ராஜாமணி ஒரே ஒரு முறைதான் கேட்டாள். "ஏங்க, அந்த முன்பக்கத்தை எனக்கு விடுங்களேன். தையல் கடை வெச்சுக்கிறேன். வீடும் காலியாவும்."

"காம்ப்ளெக்ஸுன்னா ஒரு கௌரவம் இருக்கு ராஜாமணி. முகப்புல போய் ஜாக்கெட்டத் தொங்க விடுவாங்களா?"

ராஜாமணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "சரிங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் "சரிங்க" என்று சொன்ன எந்தக் காரியமும் பொன்னுரங்கம் நினைத்தபடி நடந்ததில்லை. ஆனால் சந்தோஷத்தில் இருக்கும் ஆண்பிள்ளைக்குப் பழைய சமாச்சாரம் நினைவு வருமா?

நல்ல ஆர்க்கிடெக்ட் தேடிப் புறப்பட்டார். முதலில் பாண்டிச்சேரியில் ஒருவர். பின்னால் குடுமி, முன்னால் கம்ப்யூட்டர். சுவரே கிடையாது, முகப்பு முழுக்கக் கண்ணாடிதான், ஓனர் உள்ளே என்ன செய்கிறார் என்பது ரோட்டில் போகிற ஒவ்வொருவருக்கும் தெரிய வேண்டும் என்றார் அவர். பொன்னுரங்கம் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற ஜாதி. காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார்.

அடுத்தவர் சிதம்பரத்தில் சிங்காரம் எஞ்சினியர். வாஸ்துவில் புலி. மேஜைமேல் திசைகாட்டி இல்லாமல் இட்லிகூடத் தின்னமாட்டார். ஓனர் கன்னி மூலையில் உட்கார வேண்டும், பகலில் அங்கே கண்ணை மூடினால் கட்டடத்துக்கு ஆகாது என்று அடித்துச் சொன்னார்.

"சிமிட்டலாங்களா?" என்று கேட்டார் பொன்னுரங்கம்.

"சிமிட்டலாம். அளவா."

மூன்றாவது பெயர் வீட்டுக்குள்ளேயே கிடைத்தது. ஆரோக்கிய அனிதா, மஞ்சக்குப்பத்துப் பெண், சென்னையில் படித்துவிட்டு வந்து ஊரிலேயே மாடி ஒன்றில் ஆபீஸ் போட்டிருந்தாள். ஜாக்கெட் வாங்க வந்தவள் தன் கார்டை மெஷின்மேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். பொன்னுரங்கம் அதை எடுத்துப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணா? வேணாங்க" என்றாள் ராஜாமணி. "சின்னப் பொண்ணு. எதுத்துப் பேசவே தெரியாது. நீங்க எதச் சொன்னாலும் சரின்னு அப்படியே போட்டுக் குடுத்துடும்."

பொன்னுரங்கம் சட்டையை மாட்டிக்கொண்டு அப்போதே மஞ்சக்குப்பத்துக்கு நடந்தார்.

அனிதா எதிர்த்துப் பேசவில்லைதான். ஆனால் அவளுக்கென்று ஒரு வழி இருந்தது. "நான் முதல்ல பேப்பர்ல போடமாட்டேன் சார். மனையிலேயே சுண்ணாம்புப் பொடியில நிஜ அளவுக்குக் கோடு போட்டுடுவேன். ஒரு வாரம் அதுக்குள்ளயே நடங்க, உக்காருங்க. எங்க இடிக்குதோ கோட்டத் தள்ளிப் போட்டுக்குங்க. கடைசியில தரையில என்ன இருக்கோ, அதை அளந்து பிளான் எடுப்பேன். நீங்க கையெழுத்துப் போட்டப்புறம் மாத்தச் சொல்லக் கூடாது."

கோடு நம் கையில்! பொன்னுரங்கத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. மாதமும் தோதாக வந்தது. மார்கழி. கடப்பாரை போடக் கூடாத மாதம், கோடு போடத் தடை இல்லை. தை பிறந்ததும் பூஜை. சிதம்பரத்திலேயே ராஜாமணியின் அக்கா வீடு. ஆருத்ராவுக்குக் கூட்டம் சேரத் தொடங்கியிருந்தது. இருவரும் பெட்டியோடு போய் இறங்கினார்கள்.

அக்கா புருஷன் தில்லைநாதனும் பொன்னுரங்கமும் ஒரே உடம்பு. ஒருவர் சட்டை மற்றவருக்கு அப்படியே பொருந்தும். இதை மறக்காதீர்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

முதல் நாள் அனிதா கோடு போட்டுக் கொடுத்தாள். முகப்பில் ஓனர் ரூம், ஓரத்தில் ஒரு சின்னக் கடை. டேப் வைத்து அளந்து காட்டவா என்றாள். டேப்பெல்லாம் தையல்காரிக்கு என்று சொல்லிவிட்டு பொன்னுரங்கம் துண்டை விரித்துப் படுத்தார். நடுவிலிருந்து வலது பக்கம் இரண்டு புரள் புரண்டார். கோடு வந்தது. இடது பக்கம் இரண்டு புரள். கோடு வந்தது. தூங்க வந்தவருக்கு இதைவிட நல்ல அளவுகோல் எது? பஸ் ஸ்டாண்டுக்குப் போன வெளியூர்க்காரர் ஒருவர் அங்கப்பிரதட்சணம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் பாதிக் கோட்டைக் காணோம். பனி கரைத்திருந்தது, மிச்சத்தை ஆடு மிதித்திருந்தது. பொன்னுரங்கத்துக்குக் குனிந்தால் முழங்கால் பேசும்.

"நீங்க ஏங்க கஷ்டப்படுறீங்க?" என்றாள் ராஜாமணி. "மார்கழிக் கோலம் போட வெடிய எழுந்திரிக்கிறவதான நான். கையோட இதையும் போட்டுவுட்டுடறேன்."

"கோணாம போடணும்."

"சரிங்க."

மூன்றாம் நாள் பொன்னுரங்கம் வந்து படுத்துப் புரண்டார். ஒன்றரைப் புரளில் கோடு வந்துவிட்டது. எழுந்து பார்த்தார். கோடு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. அடுத்த நாள் ஒரு புரள்தான். அன்று சட்டையும் கொஞ்சம் பிடித்தது. தொப்பையைத் தடவிப் பார்த்தார்.

"ராஜாமணி, நான் கொஞ்சம் ஊதிட்டனா?"

"நானே சொல்லணும்னு இருந்தன். அக்கா வூட்டுச் சாப்பாடு. எண்ண ஜாஸ்தி."

"அந்த ரூம் எனக்குப் பத்தல."

"ரூமு என்னங்க பண்ணும்? தரையில போட்ட கோடு. அதுவா சாப்புடுது?"

நியாயம்தானே. அவள்தான் வழியும் சொன்னாள். விடியற்காலையில் நாலு வீதியும் சுற்றி நடந்தால் உடம்பு இறங்கும் என்றாள். கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி. பொன்னுரங்கம் மப்ளரைச் சுற்றிக்கொண்டு பனியில் நடந்தார். அந்த நேரத்தில் மனையில் யார் இருப்பார்கள்? ராஜாமணியும் சுண்ணாம்பு டப்பாவும்.

நடக்க நடக்க மனுஷன் ஊதிக்கொண்டே போனார். காலையில் இரண்டு சுற்று என்பது நாலானது. வடையை விட்டார். ராத்திரிச் சோற்றை விட்டார். திருவாதிரை அன்று களியையும் கூட்டையும் இலையில் வைத்தபோது கண்ணை மூடிக்கொண்டு இலையை மடித்தாரே, அந்தத் தியாகத்தை எந்தப் புராணத்திலும் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். அன்றைக்குத்தான் அவருடைய சட்டையில் தொப்புளுக்கு நேரே இருந்த பித்தான் தெறித்து, தரிசனத்துக்குப் போனவர் காதோரம் பறந்து, தெற்கு வீதியில் ஒரு பூக்கடைத் தட்டில் விழுந்தது. பூக்காரி இன்னும் அதை வைத்திருக்கிறாள்.

கடைசி நாள் அனிதா டேப்போடு வந்தாள். ராஜாமணி கோட்டுக்கு வெளியே கைகட்டி நின்றாள். பொன்னுரங்கம் ஓனர் ரூமுக்குள் படுத்தார். புரளப் பார்த்தார். புரளவே வேண்டியிருக்கவில்லை. வலது கை ஒரு கோட்டில், இடது கை ஒரு கோட்டில். குதிகால் இரண்டும் கோட்டைத் தாண்டி ரோட்டுப் பக்கம்.

அனிதா ஓரக்கடையைப் பார்த்தாள். அது ஓரத்திலிருந்து நகர்ந்து வந்து முகப்பையெல்லாம் நிறைத்துக்கொண்டு நின்றது. டேப்பைக் கீழே வைத்துவிட்டு, "சார், நல்லா யோசிச்சுக்குங்க. உங்களுக்கு இந்த ரூம் போதுமா?" என்று கேட்டாள்.

வாயைத் திறந்து "போதாது" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். கட்டடமே வேறு மாதிரி எழுந்திருக்கும். ஆனால் படித்த பெண்ணிடம் போய், நான் ஒரே வாரத்தில் குண்டாகிவிட்டேன், என் தொப்பைக்காகக் கோட்டைத் தள்ளு என்று எந்த ஆண்பிள்ளை சொல்வான்? மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"ரூம் சரியாத்தான் இருக்கு. நான்தான் ஜாஸ்தி. சீக்கிரம் எளச்சிடுவேன். நீ போடும்மா."

கையெழுத்தும் போட்டார்.

தையில் பூஜை, மாசியில் அஸ்திவாரம், ஆடிக் காற்று வரும்போது சுவர் தலைக்குமேல் எழுந்துவிட்டது. பொன்னுரங்கம் இளைப்பதற்காக நடந்துகொண்டே இருந்தார். கடலூரில் சில்வர் பீச் வரைக்கும் நடந்தார். சட்டை மட்டும் விடாமல் பிடித்தது. ஓனர் ரூமுக்குக் கூரை போட்ட அன்று மழை பிடித்துக்கொண்டது. தொப்பலாக நனைந்து அக்கா வீட்டுக்கு ஓடினார். தில்லைநாதன் தன் சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

போட்டார். சட்டை கோயில் கொடி மாதிரி ஆடியது. உள்ளே இன்னொரு பொன்னுரங்கத்துக்கு இடம் இருந்தது.

"சகல, நீங்க ஊதிட்டீங்களா?"

"நான் அப்படியேதான் இருக்கன். நீங்கதான் தொடப்பக்குச்சியா ஆயிட்டீங்க. ஒடம்புக்கு ஏதாவதா?"

பொன்னுரங்கம் நனைந்த சட்டையைக் கையில் எடுத்தார். உள்பக்கம் திருப்பினார். பக்கத் தையலில் ஒரு வரி. அதற்குள்ளே ஒரு வரி. அதற்கும் உள்ளே ஒன்று. மூன்றாவது வரியைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது அவருக்கு ரூம் நினைவு வந்தது.

மழையிலேயே கட்டடத்துக்குத் திரும்பி நடந்தார். ராஜாமணி முகப்புக் கடையில், மெஷினை எந்த ஜன்னல் ஓரம் போடுவது என்று கொத்தனாரோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"இந்தச் சட்டைய என்னா பண்ண?"

ராஜாமணி வாங்கிப் பார்த்தாள். மறைக்கவில்லை. "லூசா இருந்துச்சு. கொஞ்சம் புடிச்சேன்."

"அந்த ரூம?"

"அதுவும் லூசாத்தான் இருந்துச்சு."

"என்னைய ஊரெல்லாம் நடக்கவெச்சியே ராஜாமணி. களிகூடத் திங்காம வந்தனே."

"சுகர் இருக்கான்னு டாக்டர் சந்தேகப்பட்டாருல்ல? இப்ப இல்லன்னு சொல்லிட்டாரு. நீங்க பாட்டுக்கு உக்காந்து தூங்கியிருந்தா வந்திருக்கும்."

இடித்துத் தள்ளுகிறேன் என்று பொன்னுரங்கம் ஆரம்பித்தார். கையெழுத்துப் போட்டது யார் என்று அவள் கேட்கவில்லை. பிளானை எடுத்து அவர் கையெழுத்து தெரிகிற மாதிரி விரித்து வைத்தாள். அதுபோதும்.

ஆவணியில் கீழ்த்தளத்துக்கு மட்டும் திறப்பு விழா. கடை முழுக்கப் பெண்கள் கூட்டம். கடையில் தைத்த முதல் உருப்படி புருஷனுக்குத்தான் என்று சொல்லி ராஜாமணி எல்லோருக்கும் முன்னால் ஒரு புதுச் சட்டையை நீட்டினாள். பொன்னுரங்கத்தின் கண் கலங்கிவிட்டது. போட்டுப் பார்த்தார். தோள் கச்சிதம். வயிறு கச்சிதம். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு மூச்சு விட முடிந்த சட்டை. துணி காக்கியாக இருந்ததையும், தோளில் இரண்டு பட்டை இருந்ததையும் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சட்டையோடு தன்னுடைய ரூமில், ஒரே ஒரு நாற்காலி மட்டும் போட முடிகிற அந்த முகப்பு ரூமில், கேட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தேவிட்டார். தாழ்ப்பாளும் இருந்தது. கண் சொக்கியது.

ஒரு கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. உள்ளேயிருந்து ஓர் அம்மாள் தலையை நீட்டி, "வாட்ச்மேன், ஜாக்கெட் தைக்கிற கடை இதானே? கேட்டத் தொறப்பா" என்றாள்.

பொன்னுரங்கம் எழுந்து திறந்துவிட்டார்.

நடந்தது இவ்வளவுதான். யார் சொன்னது என்று கேட்டால் சிங்காரம் எஞ்சினியர் என்று சொல்லிவிடுங்கள், அவர் தாங்குவார். என் பேரை மட்டும் ராஜாமணி அம்மா காதில் போட்டுவிடாதீர்கள். என்னுடைய இரண்டு சட்டை இப்போது அங்கேதான் தையலில் இருக்கிறது.