ஏரியின் வலது மூலை

சுவரை நக்கிப் பார்த்தே அதற்குப் பெயிண்ட் அடித்து எத்தனை நாளாகிறது என்று சொல்லக்கூடிய மனிதர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் பிறந்தார். அவரும் எங்கள் நல்லேப்பிள்ளியில் பிறந்து தொலைத்ததால் உலகத்துக்குத் தெரியாமலே போய்விட்டது.

அவரை நாங்கள் பசைக்காரர் என்போம். டூரிங் டாக்கீஸுக்குப் போஸ்டர் ஒட்டுவது தொழில். சொந்தப் பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருந்திருக்கும். நான் ஒட்டியது எதுவும் விழுந்ததில்லை என்று சந்தையில் நின்று சொல்வார், அதில் பொய் கிடையாது. ஒருமுறை மூன்று நாளாக நகராமல் நின்ற மாங்காய் லாரியைச் சுவர் என்று நினைத்து ஒட்டிவிட்டார். லாரி பொள்ளாச்சிக்குப் போய்விட்டது. மழையிலும் வெயிலிலும் அந்தப் போஸ்டர் கிழியவேயில்லை. வராத படத்துக்கு அங்கே சனம் காத்திருந்தது என்று பிற்பாடு கேள்விப்பட்டோம்.

எழுபதுகளின் நடுவில், பார்த்துக்கொண்டிருந்த கணக்கர் வேலையை விட்டுவிட்டு நான் மெயின் ரோட்டில் போட்டோ ஸ்டுடியோ வைத்தேன். முதலமடையில் மாந்தோப்பு வைத்திருந்த என் தாய்மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. ஸ்டுடியோ நடக்கிற லட்சணத்தைப் பார்த்துவிட்டுத்தான் தன் மகள் சரசுவைத் தருவதா, பொள்ளாச்சி மாப்பிள்ளைக்குச் சரி சொல்வதா என்று முடிவு செய்வதாகச் சொல்லிவிட்டார். சரசு என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பொள்ளாச்சி என்ற பேச்சு வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

மாமாவை அசத்துவதற்காகக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு புதுமை வாங்கி வந்தேன். முதுகில் பசை பூசிய பிளாஸ்டிக் தாள். பனிமலை, ஏரி, ஏரியில் ஒரு படகு. பின்பக்கக் காகிதத்தை உரித்துச் சுவரில் அமுக்கினால் போதுமாம். உள்ளறைக்கும் இருக்கட்டும் என்று இரண்டு வாங்கினேன்.

சுவருக்கு அப்போதுதான் வெளிர்நீலப் பெயிண்ட் அடித்திருந்தது. பசைக்காரரைக் கூப்பிட்டேன். வந்தார், வாயிலிருந்த வெற்றிலையை ஒரு கன்னத்துக்குத் தள்ளினார், சுவரை நக்கினார், கண்ணை மூடிக்கொண்டார்.

"நாலு நாளுங்க. கசக்குது. ஒட்டாதுங்க தம்பி."

"காஞ்சுருச்சுங்ணா, தொட்டாக்கூட ஒட்டலையே."

"மேலதானுங்க காஞ்சிருக்குது. பிள்ளை பெத்தவளாட்டச் செவுரும் இப்பப் பச்ச ஒடம்புங்க. இருவத்தியொரு நாள் ஆராச்சும் அவளத் தொந்தரவு பண்ணுவாங்களா?"

திறப்பு விழாவுக்கு ஜோசியர் குறித்துக் கொடுத்த நாளோ மறுநாள். நானே ஒட்டினேன். ஒரு சுருக்கம் இல்லாமல் ஏரி அழகாக உட்கார்ந்தது. பசைக்காரரை நினைத்து மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

காலையில் முதல் படம் மாமா குடும்பத்துக்கு. மாமா நடுவில் நாற்காலியில், அத்தை பக்கத்தில், பின்னால் சரசு. பெரிய விளக்குகளைப் போட்டேன். விளக்குச் சூட்டில் பனிமலை மெல்லத் தலையாட்ட ஆரம்பித்தது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்த எனக்கு எல்லாமே தலைகீழாகத் தெரிந்ததால் மலை மேலே ஏறுகிறது என்றுதான் நினைத்தேன். பட்டனை அமுக்கவும், நீலப் பெயிண்டையும் உரித்துக்கொண்டு இமயமும் ஏரியும் மாமாவின் தலையில் இறங்கவும் சரியாக இருந்தது. உள்ளேயிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"ஒரு தாளைச் செவுத்துல நிக்க வெக்கத் தெரியாதவன், எம்புள்ளைய எப்பிடிடா வெச்சுக் காப்பாத்துவான்?"

அத்தை கெஞ்சியதில் ஒரு மாதம் தவணை கிடைத்தது.

பசைக்காரர் வந்து பார்த்தார். நான் அப்பவே சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உரிந்த இடத்தைச் சுரண்டி, மறுபடி பெயிண்ட் அடிக்க வைத்து, அன்றிலிருந்து சுவருக்குக் காவல் இருந்தார். யாரும் அதில் சாயக்கூடாது. பக்கத்தில் நின்று பீடி குடிக்கக்கூடாது. பஞ்சாயத்து ஆபீஸ் குமாஸ்தா தும்மியதற்கு அவரை வெளியே அனுப்பிவிட்டார். தினமும் குத்தவைத்துக் கீழே வலது மூலையை நக்கிப் பார்ப்பார். "கசப்புக் கொறஞ்சிருக்குதுங்க" என்பார்.

இருபத்தியோராம் நாள், நாளைக்கு ஒட்டலாம் என்று உத்தரவு கொடுத்துவிட்டுப் போனார். நான் மூலையைப் பார்த்தேன். தினம் நக்கிய இடத்தில் வெற்றிலைக் கறை, வெளிர்நீலத்தில் பளீரென்று சிவப்பாக. தாள் ஒட்டினாலும் பாதிக் கறை வெளியே தெரியும். மாமா கண்ணில் படுமே என்று டப்பாவில் மீதியிருந்த பெயிண்டை எடுத்து ஒரு கை அகலத்துக்குப் பூசிவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் உள்ளறைக்கு வாங்கிய தாளை அவர் ஒட்டியதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஈரத் துணியால் சுவரைத் துடைத்துக் காயவிட்டு, துண்டு சுற்றிய ஸ்கேலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி, காற்று நின்ற இடத்தில் வேலமுள்ளால் குத்தி அமுக்கினார். கடைசியாக வலது மூலைக்கு வந்தார். அமுக்கினார். எழும்பியது. மறுபடி அமுக்கினார். மறுபடி எழும்பியது. என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குள் மாமாவின் வண்டி வாசலில் நின்றுவிட்டது.

பசைக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்து, முதுகை அந்த மூலையில் சாய்த்து, காலை நீட்டிக்கொண்டார்.

மாமா மேல் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். இடது ஓரத்தை இழுத்துப் பார்த்தார். ஏரி அசையவில்லை. திருப்தியாக உட்கார்ந்தவர், காலடியில் இருந்தவரை அப்போதுதான் கவனித்தார். குடும்பப் படத்தில் வேற்று ஆள் இருக்கலாமா?

"இவரு நமக்கு என்ன மொறை?"

"செவுத்துக்குச் சொந்தமுங்க" என்றார் பசைக்காரர். "முதுகு புடிச்சுக்கிச்சுங்கய்யா. எந்திரிக்க முடியலீங்க."

ராகுகாலம் தொடங்கக் கால் மணி நேரம்தான் இருந்தது. மாமா தலையிலடித்துக்கொண்டு, எடுத்துத் தொலை என்றார். எடுத்தேன். சரசு அந்தப் படத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

வண்டி போனதும் பசைக்காரர் எழுந்தார். மூலை மெல்லச் சுருண்டு அவர் கூடவே எழுந்தது.

"நேத்துப் பெயிண்ட் தொட்டீங்களா தம்பி?"

தலையாட்டினேன்.

"நான் ஒட்டுனது விழுந்ததில்லைன்னு ஊருக்குள்ள சொல்லியிருக்கறனுங்க. நீங்க வெளிய சொல்லிப்போடாதீங்க."

தப்புச் செய்தது நான், கெஞ்சியது அவர். அடுத்த மூன்று வாரமும், மூலை காயும்வரை, யார் படமெடுக்க வந்தாலும் அவர் வந்து அங்கே சாய்ந்துகொண்டார். அந்த வைகாசியில் எங்கள் பக்கம் கல்யாணமான எல்லா ஜோடிகளின் படத்திலும் வலது ஓரத்தில் இரண்டு கால் நீட்டியிருக்கும். எங்கள் கல்யாணப் படத்திலும்தான்.

மாமா குடும்பத்தை அன்று எடுத்த படம் பழுத்துப்போனதால், போன மாதம் புதிதாகப் பிரிண்ட் போடக் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் இருந்தவர், ஓரத்தில் காலை நீட்டியிருக்கும் ஆளை எடுத்துவிடலாமா என்று கேட்டார். அவர் எழுந்தால் எங்கள் வீடே விழுந்துவிடும், இருக்கட்டும் என்றேன்.