நடுவில் ஒரு கோடு

விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது சிரிக்காமல் இருக்க மச்சினி மிகவும் பாடுபட்டாள். அது வீட்டில் எழுதிப் பார்த்த மாதிரித் தேர்வு. எழுதியவர் அவளுடைய அக்கா கணவர், வாஷிங் மெஷின் மெக்கானிக்.

"அத்தான், கேள்வி என்ன?"

"வெப்பத்தைக் கடத்தும் பொருள்கள் இரண்டைக் குறிப்பிடுக."

"நீங்க என்ன எழுதியிருக்கீங்க?"

எழுதியிருந்தது மூன்று பக்கம். செம்பில் தொடங்கி, மெஷினுக்கு அடியில் இருக்கும் ஹீட்டர் எப்படித் தண்ணீரைச் சூடாக்குகிறது, அதில் உப்புப் படிந்தால் ஏன் சூடு ஏறாது, படியாமலிருக்க என்ன செய்யலாம் என்றெல்லாம் போய், ஒரு படத்துடன் முடிந்திருந்தது. இரண்டாவது பொருளை எழுத மறந்துவிட்டார்.

"ரெண்டு பொருளோட பேரை மட்டும் எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடணும் அத்தான். இல்லேன்னா போன தடவை மாதிரி பாதிப் பேப்பர்லயே மணி அடிச்சிடும்."

அவர் வேலை பார்க்கும் சர்வீஸ் சென்டரில் சூப்பர்வைசர் இடம் காலியாக இருந்தது. பொறுப்பில் இருக்கும் எவரும் பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்று தலைமை அலுவலகம் புதிதாக உத்தரவு போட்டிருந்தது. அதை மேனேஜர் எல்லோருக்கும் வாசித்துக் காட்டியபோது அவர் குரல் கம்மியிருந்தது. ஜலதோஷம் என்று நினைத்துக்கொண்டார்கள். மெக்கானிக் ஏற்கெனவே ஒருமுறை அறிவியலில் கோட்டை விட்டாயிற்று. இந்த முறையும் தவறினால் அந்த நாற்காலி வெளியாளுக்குப் போய்விடும்.

பள்ளி ஆசிரியையான மச்சினி அவருக்குப் பிடிபடும் வழியில் போனாள். கேள்வியின் கடைசியில் வரும் கட்டளைச் சொல், மெஷினில் இருக்கும் டயல் மாதிரி. உள்ளே இருப்பது அதே தண்ணீர், அதே துணி. டயல் எங்கே நிற்கிறதோ அந்த அளவுக்குத்தான் சுற்ற வேண்டும். 'குறிப்பிடுக' என்றால் பெயர் மட்டும். 'வரையறு' என்றால் ஒரே வரி. 'விளக்குக' என்றால் எப்படி, ஏன் என்று இரண்டும் வர வேண்டும். 'மதிப்பிடுக' என்றால் நிறை, குறை, பிறகு நம்முடைய முடிவு. 'ஒப்பிடுக' வந்தால் பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் மற்றது, ஒவ்வோர் அம்சமாக எதிரெதிரே. ஒன்றைப் பற்றி முழுதாக எழுதிவிட்டு மற்றதுக்குப் போகலாம் என்று நினைப்பவர்கள் அங்கேதான் கவிழ்கிறார்கள்.

மெக்கானிக்குக் கண் திறந்துவிட்டது. டயல் சொல்வதைக் கேட்காத மெஷினை அவர் ஒருநாளும் மன்னித்ததில்லை. இனிமேல் யார் என்ன கேட்டாலும் டயலைப் பார்த்துத்தான் பதில் என்று முடிவுகட்டினார்.

மனைவி புதுத் திரைச்சீலையை மாட்டிவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அது 'மதிப்பிடுக' வகை என்று அவர் தீர்மானித்தார். நிறை: வெயிலை மறைக்கிறது. குறை: சுவரின் நிறத்தோடு சண்டை போடுகிறது, நீளம் போதாது, தையல் கோணல். முடிவு: பழையதே தேவலை.

தைத்தவள் அவள்தான்.

அன்று அவருக்கு மச்சினிதான் தட்டு வைக்க வேண்டியிருந்தது. "நல்லாப் பாடம் எடுத்தே போ" என்றாள் அக்கா. "முன்னாடி பேசியே கொல்லுவாரு. இப்ப தீர்ப்புச் சொல்லிக் கொல்றாரு."

வேலையிடத்தில் நிலைமை இதைவிட மோசமாயிற்று. மேனேஜர் தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரைத் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டுப் படிப்பை விசாரிப்பார். மெக்கானிக் நுழையும்போதே மேஜை இழுப்பறையைச் சாத்திவிட்டு ஒரு கேள்வி கேட்பார். முன்பெல்லாம் மெக்கானிக் டீ ஆறிப்போகும்வரை விளக்குவார். மேனேஜர் உதடுகள் அசைய, கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். தப்பு எங்கே வருகிறது என்று எண்ணுகிறார் என்பது மெக்கானிக்கின் எண்ணம்.

"ஒளிச்சேர்க்கைன்னா என்னய்யா?"

மெக்கானிக் ஒரே வரியில் சொல்லி முடித்தார்.

"அப்புறம்?"

"இது வரையறு வகை சார். அவ்வளவுதான்."

மேனேஜரின் முகம் சுருங்கியது. அன்று இரவு வீட்டில் இதைக் கேட்ட மச்சினி, கேள்வியில் கட்டளைச் சொல் இல்லாததுதான் கோளாறு, சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள் என்றாள். மறுநாள் மெக்கானிக் அதைப் பணிவாகவே எடுத்துச் சொன்னார்.

"கேள்வி எப்படிக் கேக்கணும்னு நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" என்றார் மேனேஜர்.

அன்று முதல், லிஃப்ட் இல்லாத கட்டிடங்களின் கடைசி மாடி வேலைகளெல்லாம் அவரைத் தேடி வந்தன. நீட்டி முழக்கும் பழைய வியாதி திரும்புகிறதா என்று மேனேஜர் சோதிக்கிறார் போலும் என்று படிகளில் மூச்சு வாங்கியபடி யோசித்த மெக்கானிக், பதில்களை இன்னும் சுருக்கினார்.

அறிவியல் தேர்வுக்கு முந்தின நாள் மேனேஜர் கதவைச் சாத்தச் சொன்னார். குரலும் தணிந்திருந்தது.

"இந்த ஒப்பிடுகன்னு போடுறாங்களே. அப்படின்னா என்ன?"

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கிறது சார்."

"அது தெரியுதுய்யா. அதுக்கு மேல?"

இதுதான் பொறி என்று மெக்கானிக்குத் தோன்றியது. "அதுக்கு மேல போனா மார்க் போயிடும் சார்."

மேனேஜர் கையிலிருந்த பேனாவை மேஜைமேல் போட்டார். "நீ பாஸ் பண்ணாலும் உன் பேரை மேலே அனுப்பறதான்னு யோசிக்கணும்யா."

அந்தக் கவலையோடுதான் மெக்கானிக் தேர்வுக் கூடத்துக்குப் போனார். ஒரே ஆறுதல், மேனேஜரும் அன்று லீவு என்று ரிசப்ஷனில் இருக்கும் பெண் சொல்லியிருந்தாள். உறவினர் வீட்டில் ஏதோ விசேஷமாம். திரும்பி வந்து மாடிப்படி ஏற வேண்டியிருக்காது.

தனித்தேர்வர்களுக்கான அறை அது. முக்கால்வாசிப் பேருக்குத் தலை நரைத்திருந்தது. முதல் பெஞ்சில் உட்கார்ந்த மெக்கானிக் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் டயலைப் பார்த்தார், பிறகுதான் பேனாவைத் திறந்தார். 'தாவர செல்லையும் விலங்கு செல்லையும் ஒப்பிடுக' வந்ததும் ஸ்கேலை வைத்து நேராகக் கோடு கிழித்தார். அப்போது பின் பெஞ்சில் யாரோ, டயரில் காற்று இறங்குவதுபோலப் பெருமூச்சு விட்டார்கள். யாரோ பாவம் என்று நினைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

வாழ்க்கையில் முதல்முறையாக மணி அடிக்கும் முன்பே அவர் எல்லாக் கேள்விகளையும் எழுதி முடித்திருந்தார்.

விடைத்தாள்களைப் பின்னாலிருந்து வாங்கி அனுப்பச் சொன்னார் கண்காணிப்பாளர். மெக்கானிக் திரும்பிக் கை நீட்டினார். நீட்டிய கையில் வந்த தாளின் கடைசிப் பக்கம் முழுக்கத் தாவர செல். விலங்கு செல் இன்னும் தொடங்கியிருக்கவில்லை. தாளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த மேனேஜர், பற்களுக்கிடையே சொன்னார்:

"நடுவுல ஒரு கோடு போடணும்னு நேத்தே கொஞ்சம் விளக்கமாச் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாய்யா?"