எழுத்தாளர் செடிக்கு நான் செய்த கவாத்து

என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். களத்தில் காயப்போட்ட காபிக்கொட்டை மேல் கோழி நடந்த மாதிரி இருக்கும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். (அதிலும் பாதி நாள் மழை.) இதில் ஒரு பெரிய எழுத்தாளர் வருகிறார். அவர் பெயரை எழுதப் போவதில்லை. பெயரில் பிழை விட்டால் அவருடைய வாசகர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். அவர்கள் என்னை ஏற்கெனவே ஒருமுறை பொறுத்துக்கொண்டவர்கள்.

கூச்சக்காரனுக்கு வாய் வேலை செய்யாது. வாய் செய்யாத வேலையையும் சேர்த்துக் கை செய்யும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

எழுபதுகளின் நடுவில் கரடியூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கவாத்து வேலையில் இருந்தேன். பழம் பறித்து முடிந்ததும் காபிச் செடியில் வேண்டாத சிம்புகளை வெட்டி, உள்ளே வெளிச்சம் விடுகிற வேலை. கல்யாண வயது தாண்டிக்கொண்டிருந்தது. இரண்டு இடத்தில் பெண் பார்த்து இரண்டும் தட்டிப்போயின. முதல் வீட்டில் பெண்ணின் அப்பா என் பெயரைக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் காபி ஆறிவிட்டது. இரண்டாவது வீட்டில், பையன் பேசுவானா என்று எங்கள் வீட்டாரை மறைவில் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

மூன்றாவது இடத்தை அக்கா வீட்டுக்காரர் பிரகாசம் மாமா பிடித்து வந்தார். “மாப்ளே, இதான் கடைசி. இதுவும் போச்சுன்னா நீ அந்தக் காபிச் செடியையே கட்டிக்கிட்டு குடும்பம் நடத்து” என்று சொல்லிவிட்டார்.

நாகலூர் போகும் வழியில், அந்த எழுத்தாளர் கடைசிக் காலத்தில் குடியிருந்த ஓட்டு வீட்டை நினைவில்லமாக வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்பவர் பெண்ணின் அப்பா சூசை. மனைவி இல்லை. அவரும் மகள் ஸ்டெல்லாவும் பின்கட்டில் இருந்தார்கள். வேலை போனால் வீடும் போகும். பெண் பார்த்துத் தட்டிப்போனால் அது வெளியே தெரியக் கூடாது என்று, நினைவில்லம் பார்க்க வருவது போல வரச் சொல்லியிருந்தார் சூசை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து குறுக்கு வழியில் நடந்தோம். வழியெல்லாம் உண்ணிச் செடி அடைத்திருக்கும் என்று கவாத்துக் கத்தியை எடுத்து வந்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, இடுப்பில் கத்தி. பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி இல்லை, பெண்ணைத் தூக்கப் போகிறவன் மாதிரி இருந்திருப்பேன்.

சூசை வாசலிலேயே நின்றிருந்தார். “வாங்க, வாங்க. ஏனுங்க, பையன் எப்படிங்க?” என்று மாமாவிடம்தான் கேட்டார்.

“நொம்ப சாதுங்க. இருக்கிற இடம் தெரியாதுங்க. ஒரு பொருளைத் தொட மாட்டானுங்க.”

“அதான் வேணும். இங்க எல்லாமே தொடக் கூடாத பொருளுங்க.”

உள்ளே சுற்றிக் காட்டினார். எழுத்தாளரின் கட்டில், மூக்குக்கண்ணாடி, மசிக்கூடு, கால் தேய்ந்த மேசை. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயிலுக்குள் நடப்பது போல நடந்தேன். மாமா சாய்வு நாற்காலியில் உட்காரப் போனார். சூசை பாய்ந்து வந்து கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

“செத்துப் போயும் நாற்காலிய விட மாட்டேங்கறாரே” என்று மாமா என் காதில் சொன்னார்.

அதற்குள் வெளியே ஒரு வேன் வந்து நின்றது. நினைவில்லத்தின் செயலாளர் சேலத்திலிருந்து வாசகர் கூட்டம் ஒன்றை அழைத்து வந்திருந்தார். சூசைக்கு முகம் மாறிவிட்டது. “இன்னிக்கு வர்றதாச் சொல்லவே இல்லீங்களே! நீங்க பின்னால தோட்டத்துல இருங்க, இவங்களை அனுப்பிட்டு வந்தர்றேன்” என்றார். மாமா பீடி பிடிக்க வேலிப் பக்கம் போனார்.

நான் தனியாக நின்றேன். எதிரே பின்கட்டின் சன்னல். சன்னலில் ஸ்டெல்லா.

அவள் என்னைப் பார்த்தாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் திரும்பினேன். அங்கே ஒரு காபிச் செடி நின்றது. வருடக்கணக்காகக் கத்தியே படாத செடி. என் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு வளர்ந்து, சிம்பு மேல் சிம்பாக அடைத்து, கீழ்க்கிளைகள் தரையில் புரண்டன. அனாதையாக விட்டுவிட்டார்களே என்று நினைத்தேன். ஒரு சிம்பைத்தான் வெட்டினேன். நிமிர்ந்தால் அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இன்னொன்றை வெட்டினேன். அப்போதும் பார்த்தாள். கூச்சம் கூடக்கூட வெட்டும் கூடியது. எஸ்டேட்டில் அப்படி வெட்டியிருந்தால் கணக்கு எழுதும் ரைட்டர் அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பியிருப்பார். உச்சியைச் சாய்த்தேன். கடைசியாகத் தரையில் புரண்ட கிளைகளைக் கழித்தபோது உள்ளே ஒரு தகரப் பலகை தெரிந்தது.

எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

‘இச்செடி எழுத்தாளர் தம் கையால் நட்டது. அவர் விருப்பப்படி இதில் கத்தி படுவதில்லை. தொடாதீர்கள்.’

படித்து முடிக்கவும் செயலாளர் கூட்டத்தோடு பின்பக்கம் வரவும் சரியாக இருந்தது. “இதோ, அவர் பிள்ளையைப் போல வளர்த்த…” என்று கையை நீட்டியவர், நீட்டியபடியே நின்றார். பிள்ளை மொட்டைத் தலையோடு நின்றது.

“சூசை! யார் செஞ்சது?”

மாமா பீடியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். “காட்டெருமைங்க சார்! இப்பத்தான் அந்தப் பக்கமா எறங்கிப் போச்சுங்க!”

செயலாளர் ஒரு கிளையை எடுத்துப் பார்த்தார். “காட்டெருமை இவ்வளவு சாய்வா, நேர்த்தியா வெட்டுமா?” பிறகு என் கையில் இருந்த கத்தியைப் பார்த்தார். நான் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். “சூசை, சாவியைக் கொடுங்க. இதைக்கூடக் காப்பாத்த முடியலேன்னா நீங்க எதுக்கு?” என்றார்.

அப்போது ஸ்டெல்லா வெளியே வந்தாள். “சார், அப்பா உங்க கூடத்தான் இருந்தாருங்க. நான்தான் சன்னல்ல நின்னு பாத்துட்டிருந்தேன். ஒரு சத்தம் போட்டிருந்தா இவரு நிறுத்தியிருப்பாருங்க. நான் போடலீங்க.”

“ஏம்மா போடலை?”

“அவரு வெட்டறது பாக்க நல்லா இருந்துச்சுங்க.”

சூசை தலையில் கை வைத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

செயலாளர் அடுத்து என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. பின்னால் ஓர் அம்மாள் குனிந்து ஒரு குச்சியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “அவர் கையால நட்ட செடி சார். நான் ஒண்ணு கொண்டு போகட்டுங்களா?” என்றார். அவ்வளவுதான். பிரசாதம் வாங்குவது போல மொத்தக் கூட்டமும் குனிந்தது. மாமா உடனே தலைமை ஏற்று, “தள்ளாதீங்க, எல்லாத்துக்கும் இருக்குதுங்க” என்று விநியோகம் செய்ய ஆரம்பித்தார். ஒருவர் சேலத்தில் இருக்கும் அண்ணனுக்கும் சேர்த்துக் கேட்டார். முடிவில் செயலாளரும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, இலையோடு ஒரு குச்சியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அதற்குப் பிறகு அவரால் சாவியைக் கேட்க முடியவில்லை.

ஆனால் எனக்குத் தண்டனை உண்டு. செடி பழையபடி வளரும் வரை ஞாயிறுதோறும் நானே வந்து எரு வைத்துத் தண்ணீர் விட வேண்டும். கத்தி இல்லாமல். வந்தேன். செடி மெதுவாகத்தான் வளர்ந்தது. ஸ்டெல்லாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடவே எனக்கு மூன்று மாதம் ஆனது. என் செடி மீண்டும் சன்னல் உயரத்தைத் தொடுவதற்குள் எங்கள் கல்யாண ஓலை கோயிலில் வாசித்தாகிவிட்டது. சூசை மாமா மட்டும் சாகும் வரை, தோட்டத்தில் நான் தனியாக நின்றால் பின்னாலேயே வந்து நிற்பார்.

இப்போது என் மகளைப் பார்க்க நாளை காலை நாகலூரிலிருந்து வருகிறார்கள். பையன் கொஞ்சம் கூச்சக்காரனாம். சற்று முன் சமையல்கட்டில் மகள் கேட்டது காதில் விழுந்தது.

“ஏம்மா, வர்றவரு கையில பூ, பழம் ஏதாச்சும் கொண்டு வருவாரா?”

“கத்தி கொண்டு வர்றாரான்னு பாரு கண்ணு. வெறுங்கையோட வந்தா யோசிக்கணும்” என்றாள் ஸ்டெல்லா.

1995, மாசி மாதம், சனிக்கிழமை சாயங்காலம்.