பதில் எழுதிய தையல்காரர்

மனிதரை மனிதர் நம்பும் பண்பு இன்னும் எங்கேயாவது உயிரோடு இருக்கிறதென்றால், அது கடன் வசூல் நிறுவனங்களில்தான். கண்ணால் பார்க்காத பத்திரத்தை நம்பி, கண்ணால் பார்க்காத ஆள்மேல் வழக்குப் போட எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

அந்தப் பெரிய மனசு ஒரு தையல்காரர்மேல் இறங்கியது. மெஷின் கடனை அவர் அடைத்து ஐந்து வருடம் ஆயிற்று. அடைத்த ரசீதுதான் மழையில் நனைந்து கூழாகிப் போயிருந்தது. பழைய கடன் பட்டியலை மொத்த விலைக்கு வாங்கிய நிறுவனம் கோர்ட்டில் வழக்கும், கூடவே ஒரு மனுவும் போட்டது. எதிர்தரப்புக்குச் சொல்ல ஒன்றுமில்லையாம். ஆகவே விசாரணை இல்லாமலே தீர்ப்புத் தந்து, இரண்டு தையல் மெஷின்களையும் ஜப்தி செய்ய வேண்டுமாம். பதில் சொல்லப் பதினான்கு நாள் அவகாசம்.

தையல்காரர் நோட்டீஸை வீட்டில் காட்டினார். கோர்ட்டு விவகாரங்களில் கரை கண்டவரான மச்சினன் ஆலோசனை வழங்கினார்.

"பேசாம இருங்க மாமா. அவங்களே மறந்துடுவாங்க."

"மறக்கிறவங்களா முத்திரை குத்தி அனுப்புவாங்க?" என்றாள் மனைவி. "நீங்க உட்கார்ந்து எழுதுங்க."

எழுதினார். தன் கடையில் சீட்டுக் கொண்டுவராதவர் சொந்தத் தம்பியாக இருந்தாலும் துணி தருவதில்லை என்றும், நிறுவனமும் தன் சீட்டான கடன் பத்திரத்தைக் காட்டட்டும் என்றும் எழுதி, மூன்று நகல் எடுத்து, பதின்மூன்றாம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்கிய குமாஸ்தா, பதில் என்ற வஸ்துவை எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியாமல் சற்றுநேரம் திணறினார்.

விசாரணை நாளில் அந்த நிறுவனத்தின் வழக்குகள் மட்டும் நாற்பது. முப்பத்தொன்பதில் எதிர்தரப்பு வரவுமில்லை, எழுதவுமில்லை. கால்மணி நேரத்தில் முப்பத்தொன்பது தீர்ப்புகள்! நீதி அன்று ஓட்டமாய் ஓடியது. நாற்பதாவதாகத் தையல்காரர் எழுந்து நின்றார்.

நீதிபதி பதிலைப் படித்துவிட்டுப் பத்திரத்தைக் கேட்டார். நிறுவனத்தின் வக்கீல் கோப்பைப் புரட்டினார். உள்ளே இருந்தது ஒரே ஒரு தாள். அதுவும் அந்த மனுதான்.

"பதில் வந்தாத்தான் பத்திரத்தைத் தேடுவோம் ஐயா. இதுவரைக்கும் வந்ததில்லை."

மனு தள்ளுபடி, வழக்கும் தள்ளுபடி. மெஷின்கள் பிழைத்தன. தையல்காரருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அந்தத் தைரியத்தில் வக்கீலிடம் பணிவாக ஒரு சந்தேகம் கேட்டார்.

"அந்த முப்பத்தொன்பது பேரோட பத்திரமும் உங்ககிட்ட இல்லீங்களா?"

வக்கீல் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"அவங்க யாரும் கேட்கலையே."

உண்மைதான். நீதிபதியும் கேட்கவில்லை.