ஒரு சிட்டிகை சர்க்கரைகூட இல்லை

எனக்குப் பொய் சொல்ல வராது என்று நான் சொன்னால் என் வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். அவர்கள் நம்பாததும் நியாயம்தான். பொய் சொல்ல எனக்கு நன்றாகவே வரும். சொன்ன பிறகு சும்மா இருக்கத்தான் வராது. பொய்யைச் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பொறாமைதான்.

அது யுத்த காலம். எனக்கு இருபத்து நான்கு வயது. சிந்தாதிரிப்பேட்டையில் அக்கா மரியம்மா வீட்டில் தங்கிக்கொண்டு, பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். என் கால் அப்போதே ஓரிடத்தில் நிற்காது. கரும்பலகைக்கும் கதவுக்கும் நடுவே நான் நடக்கிற நடையைப் பையன்கள் எண்ணிப் பந்தயம் வைப்பார்கள் (ஒரு நாள் எண்ணிக்கை தவறிவிட்டது என்று என்னையே வந்து கேட்டார்கள்). இப்படிப்பட்ட நான் போயும் போயும், மாப்பிள்ளையின் பொறுமையைச் சோதித்துப் பார்க்கிற வீட்டில் பெண் கேட்டேன்.

சாந்தோமில் இருந்த அந்தோணிசாமி என்பவரின் வீடு அது. அவர் சர்க்கார் ஆபீசில் தலைமை குமாஸ்தா. அவருடைய மகள் ரெஜினாவைக் கோயில் பாட்டுக் குழுவில் பார்த்தேன். அவளைப் பார்ப்பதற்காகவே நானும் அந்தக் குழுவில் சேர்ந்து, இரண்டு மாதம் சத்தமே வராமல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தோணிசாமிக்கு இரண்டு பெருமைகள். ஒன்று மகள், மற்றது திராட்சை ரசச் சங்கம். மாதக் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக் கூடத்தில் ஐந்து பேர் கூடுவார்கள். யுத்தத்துக்கு முன்னால் சீமைச் சரக்காக ஒரு பாட்டில் வாங்கி, ஆளுக்கு இரண்டு வாய் ருசி பார்த்து, அதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவார்களாம். யுத்தம் வந்து கப்பல் நின்றதும், அவரவர் வீட்டிலேயே ரசம் போட்டு, மாதம் ஒருவர் கொண்டுவருவது என்று ஏற்பாடு. மருந்து அளக்கிற அவுன்ஸ் கிளாஸில் ஊற்றிக் கொடுப்பார்கள். வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூட வேண்டும். தலைவர் அந்தோணிசாமி பேசும்வரை யாரும் பேசக் கூடாது. அவர் சொல்வதைக் காரியதரிசி சூசைநாதன் நோட்டில் எழுதுவார். சங்கத்துக்கு ஒரே சட்டம்தான். ரசத்தில் திராட்சையைத் தவிர வேறெதுவும் சேரக் கூடாது.

நான் பெண் கேட்டுப் போனபோது அந்தோணிசாமி என் சம்பளத்தைக் கேட்கவில்லை.

"தம்பி, சக்கரை போட்டா அது ரசம் இல்ல, பாயசம். வெறும் பழம், ஒரு ஜாடி, நாப்பது நாள். அந்த நாப்பது நாளும் ஜாடியத் தொடாம இருக்கணும். அப்படிப் போட்ட ரசத்த எடுத்துக்கிட்டு வாங்க. ருசி பார்த்துட்டு மத்ததப் பேசுவோம்" என்றார்.

கொத்தவால் சாவடியில் திராட்சை வாங்கி, கழுவி, துடைத்து, பிசைந்து, பீங்கான் ஜாடியில் போட்டு வாயைத் துணியால் கட்டினேன். அது முதல் நாள். இரண்டாம் நாள் ஜாடியில் காதை வைத்துக் கேட்டேன். மூன்றாம் நாள் துணியை அவிழ்த்து எட்டிப் பார்த்தேன். நான்காம் நாளிலிருந்து விரலை விட்டு நக்கிப் பார்க்க ஆரம்பித்தேன் (பள்ளிக்கூடம் போகும்போது ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை).

"இன்னாடா லூர்து, ஜாடியையே பாத்துக்கினு நிக்கறே? அதுக்கு வாயா கீது, உன்கூடப் பேசறதுக்கு?" என்பாள் அக்கா.

முப்பதாம் நாள் அது பேசியது. ஜாடியின் பக்கத்தில் போனாலே கண்ணில் நீர் வந்தது. மேலே பச்சையாக ஏதோ படர்ந்திருந்தது. அக்கா ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஊறுகாய்க்கு ஆவும்" என்றாள்.

சங்கத்தில் எனக்குக் கொடுத்த நாளுக்குப் பத்து நாள்தான் இருந்தது. சோறு இறங்கவில்லை. கூவம் கரையோரம் போய் வந்து போய் வந்து என் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் அக்காவுக்கே பொறுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கென்று அவள் போட்டு மூடி வைத்திருந்த ஜாடியைக் காட்டினாள்.

"என்னுது கீது, எடுத்துக்கினு போ. செவப்பாத்தான் கீது. யாருக்குத் தெரியப் போவுது."

அக்காவுடையது பீட்ரூட் ரசம். திராட்சை விற்கிற விலைக்கு அவள் பீட்ரூட்டை வேகவைத்து, அந்தச் சாற்றில் ஒரு பிடி கோதுமையையும் ஒரு மாத ரேஷன் சர்க்கரையையும் கொட்டியிருந்தாள். திராட்சை அதன் பக்கத்தில்கூடப் போனதில்லை.

பாட்டிலை வேட்டித் துணியில் சுற்றி, டிராமில் மடியில் வைத்துக்கொண்டு மயிலாப்பூர் போய், அங்கிருந்து நடந்தேன். அன்றைக்கென்று நாங்கள் பாடுகிற கோயிலின் பங்குச் சாமியாரும் வந்து உட்கார்ந்திருந்தார். பூசைக்கு வேண்டிய ரசம் சீமையிலிருந்து வருவது நின்றுபோய், அவர் அலமாரியில் கடைசி பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பூசை ரசம் சுத்தமான திராட்சையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பூசையே செல்லாது. சங்கத்தில் நல்ல சரக்கு கிடைக்குமா என்று பார்க்க வந்திருந்தார்.

அவுன்ஸ் கிளாஸ்கள் சுற்றி வந்தன. எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மட்டும் மூடவில்லை. அந்தோணிசாமியின் புருவம் மெதுவாக மேலே போயிற்று.

"மண்ணு" என்றார்.

பீட்ரூட் மண்ணுக்குள் விளைகிறது என்பது அந்த நிமிஷம்தான் என் புத்தியில் பட்டது.

"இதுல மண்ணோட வாசனை வருது. பழைய தோட்டம். வேர் ஆழமாப் போன கொடி. சூசை, எழுதிக்கங்க. பத்து வருஷமா இப்படி ஒண்ணு நான் குடிச்சதில்ல."

சூசைநாதன் எழுதிக்கொண்டார். சாமியார் இன்னொரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதுல சக்கரை ஏதாவது சேர்த்தியா?"

கதவோரம் ரெஜினா நின்றுகொண்டிருந்தாள். அவள் மட்டும் அங்கே நிற்காமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

"ஒரு சிட்டிகை சர்க்கரைகூட இல்ல சாமி. சுத்தமான திராட்சை."

சாமியாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் இரண்டு பாட்டில் தரும்படி அங்கேயே கேட்டார். அதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலிருந்து அதைத்தான் வைக்கப் போவதாகச் சொன்னார். அந்தோணிசாமி என் தோளில் கை போட்டு, "மாப்பிள" என்று ஆரம்பித்து, பிறகு "தம்பி" என்று திருத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த ஒரு மாதத்தில் நான் எப்போதாவது உட்கார்ந்தேனா என்பது எனக்கு ஞாபகமில்லை. என் பொய்யால் அந்தப் பங்கு மக்கள் முழுவதற்கும் பூசை செல்லாமல் போகும். அந்தப் பூசையில் ரெஜினாவும் முழங்காலில் இருப்பாள். உண்மையைச் சொன்னாலோ ரெஜினா இல்லை. வகுப்பில் நான் நடந்த நடைக்குப் பையன்கள் பந்தயம் கட்டுவதையே நிறுத்திவிட்டார்கள்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. என்னைவிடப் புத்திசாலி பட்டணத்திலேயே இல்லை என்று ஒரு நாள் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டால் போதும். அதற்கென்று இருக்கிற மரத் தொட்டிக்குள் சொன்னதைச் சாமியார் செத்தாலும் வெளியே சொல்ல மாட்டார். ஆனால் அவருக்கு விஷயம் தெரிந்துவிடும், ஏதோ சாக்குச் சொல்லி பாட்டிலை வேண்டாம் என்பார். பூசையும் பிழைக்கும், பெண்ணும் கிடைப்பாள். மூன்றாவது சனிக்கிழமை போய் முழங்காலிட்டு, தொட்டியின் பலகணி வழியாக எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

உள்ளே சாமியார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"இத ஏண்டா இங்க வந்து சொன்னே?" என்றது குரல்.

"பாவம் சாமி, அதான்..."

"இங்க கேட்டத நான் வெளிய சொல்லவும் கூடாது, அத வச்சு வெளிய ஒரு காரியம் பண்ணவும் கூடாது. அந்தோணிசாமி பாட்டிலை நீட்டினா நான் வாங்கித்தான் ஆகணும். என் ரூமுக்கு வந்து சொல்லியிருந்தா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். இப்ப என் கையையும் சேர்த்துக் கட்டிட்டியே."

"அப்ப இப்பவே ரூமுக்கு வந்து சொல்லட்டுமா சாமி?"

"பொய்ய எங்க சொன்னே?"

"கூட்டத்துல."

"உண்மையயும் அங்கயே போய்ச் சொல்லு. அதுவரைக்கும் உனக்குப் பாவமன்னிப்பு கிடையாது, எழுந்திரு." பலகணி டப்பென்று மூடியது. அடுத்து நின்றிருந்த கிழவி, இவன் யாரைக் கொலை செய்தானோ என்பதுபோல் என்னைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டாள்.

கூட்ட நாள் வந்தது. மேஜைமேல் வெள்ளைத் துணி, அதன்மேல் அக்காவின் ஜாடியிலிருந்து நான் கொண்டுவந்த இரண்டு பாட்டில்கள். சாமியார் எதிரில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து துடைத்தார். என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அந்தோணிசாமி எழுந்து, மண்வாசனையைப் பற்றி ஒரு சின்னப் பிரசங்கம் செய்துவிட்டு, பாட்டிலை எடுக்கக் கை நீட்டினார்.

அந்த நேரத்திலும் எனக்கு உண்மையைச் சொல்லத் தோன்றவில்லை. பாட்டிலை உடைத்துவிடலாம் என்றுதான் தோன்றியது. "நான் எடுத்துத் தரேன் ஐயா" என்று பாய்ந்து, ஒன்றைத் தூக்கி, கை நழுவியதுபோல் விட்டேன். அது அந்தோணிசாமியின் கால் கட்டைவிரல்மேல் விழுந்து, உடையாமல் பாயில் உருண்டு போயிற்று. அவர் ஒற்றைக்காலில் நின்றார். பதறுகிறவன் மாதிரி இரண்டாவதையும் இடித்துத் தள்ளினேன். அதை எங்கிருந்தோ வந்த ரெஜினா இரண்டு கையாலும் பிடித்துவிட்டாள். பிடித்து, துடைத்து, என் கையிலேயே கொடுத்தாள்.

இனிமேல் உடைக்க வழி இல்லை.

"ஐயா, அது திராட்சை இல்ல" என்றேன். "பீட்ரூட்டு. எங்க அக்கா போட்டது. சக்கரையும் இருக்கு. நெறயவே இருக்கு."

அந்தோணிசாமி காலைப் பிடித்தபடி நாற்காலியில் சரிந்தார். சூசைநாதன் நோட்டைப் புரட்டி, "பழைய தோட்டம், வேர் ஆழமாப் போன கொடி" என்று மெல்லிய குரலில் படித்தார். ஏன் படித்தார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. சாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜென்மத்தில் முதல் தடவையாகக் கேள்விப்படுகிறவர்போல், "அப்படியா?" என்றார். அப்படி ஒரு நடிப்பை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை.

அந்தோணிசாமிக்கு முகம் சிவந்தது. "இந்தச் சங்கத்துல இதுவரைக்கும் ஒருத்தராவது, ஒரு சிட்டிகையாவது சக்கரை..." என்று ஆரம்பித்தார்.

சூசைநாதன் இருமினார். பக்கத்திலிருந்தவர் கூரையைப் பார்த்தார்.

"அப்பா" என்றாள் ரெஜினா. "நம்ம ஜாடியில ஒண்ணும் போடலன்னா, மூணு மாசமா நானும் அம்மாவும் வெல்லக் காப்பி குடிச்சது எதுக்கு?"

முதலில் சிரித்தது சாமியார்தான். அவர் சிரித்த சிரிப்பில் நாற்காலி கிறீச்சிட்டது. ஒரு வாரமாக அடக்கி வைத்த சிரிப்பு என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பூசைக்கு வேறொரு பங்கிலிருந்து ரசம் வாங்கி ஒப்பேற்றிக்கொண்டார். சங்கம் அடுத்த மாதமும் கூடியது, சட்டத்தைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஆறு மாதம் கழித்துக் கல்யாணம். அந்தோணிசாமி, "பொறுமை சுத்தமாக் கிடையாது. ஆனா மனசுல எதையும் வச்சிக்கத் தெரியாது, அது போதும்" என்று சம்மதம் சொன்னாராம். கிளாஸ் கழுவியபோது விரலில் ஒட்டிய சாயத்தைப் பார்த்து முதல் நாளே கண்டுபிடித்துவிட்டதாக ரெஜினா பிறகு சொன்னாள். அப்பா அவ்வளவு புகழ்ந்த பிறகு எப்படிச் சொல்வது என்று அவளும் ஒரு மாதம் தூங்கவில்லையாம். அதைக் கேட்டபோது எனக்கு அவள்மேல் வந்த பிரியத்துக்கு அளவே இல்லை.

போன வாரம் அடையாறில் டாக்டரிடம் போயிருந்தோம். எனக்கு ரத்தத்தில் சர்க்கரை. காப்பியில் சர்க்கரையை நிறுத்திவிட்டீர்களா என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு சிட்டிகைகூட இல்ல டாக்டர்" என்றேன்.

ரெஜினா கைப்பையை மூடிவிட்டு எழுந்தாள்.

"இவர் ரூமுக்குள்ள சொன்னா கணக்கில்ல டாக்டர். வெளிய அம்பது பேர் காத்திருக்காங்க, அங்க கூட்டிட்டுப் போய் இன்னொரு தடவ கேளுங்க."

டாக்டர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் எழுந்து ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடக்க ஆரம்பித்திருந்தேன்.