கார்னர்பேக்குக்கு விலை போடும் மாப்பிள்ளை

ஈஸ்ட் பிரன்ஸ்விக், நியூ ஜெர்சி
மார்ச், சனிக்கிழமை

மதிப்புக்குரிய சாந்தாமணி அக்காவின் சமூகத்துக்கு,

தம்பி நஞ்சப்பன் வணங்கி எழுதுவது. நானும் நாகமணியும் ஓவியாவும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம். உங்கள் முட்டிவலியும் மாமாவின் சர்க்கரையும் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொல்ல வேண்டிய விஷயம்தான். ஆனால் போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முடிவைச் சொல்லி வைத்துவிடுவீர்கள், அதனால்தான் பேனாவை எடுத்தேன். நீங்கள் ஓவியாவுக்குப் பார்த்துக் கொடுத்த அகிலனை வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள்.

பையன் சான் ஹோசேயில் வளர்ந்தவன், இங்கே ஒரு ஃபுட்பால் டீமில் வேலை என்று நீங்கள் சொன்னதும் நாகமணி நடுங்கிப்போனாள். இந்த ஊர் ஃபுட்பாலில் பந்தைக் காலால் உதைப்பதே அபூர்வம், கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவனை நாலு பேர் மேலே விழுந்து அமுக்குவார்கள். நேரில் வந்து நின்றவன் கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன் என்று தெரிந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. அவன் விளையாடுகிறவன் இல்லையாம், விளையாடுகிறவர்களுக்கு விலை போடுகிறவனாம். அதிலும் கார்னர்பேக் என்று ஒரு ஆட்டக்காரர் உண்டு, அவருக்கு மட்டும். பந்தைப் பிடிக்க ஓடி வருகிற எதிராளியோடு ஒட்டிக்கொண்டே ஓடி, அவன் கைக்குப் பந்து போகாமல் பார்த்துக்கொள்வதுதான் கார்னர்பேக்கின் வேலை. எதிராளி எந்தப் பக்கம் திரும்புவான் என்று தெரியாமலே கூட ஓட வேண்டும், பாதி தூரம் பின்பக்கமாகவே ஓட வேண்டும். இதற்குக் கோடிக்கணக்கில் சம்பளம்.

டீம் வெளியூர் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அகிலனுக்கு இங்கே ஓய்வு என்பதால் சாப்பிடக் கூப்பிட்டோம். மேட்ச் ஓடுகிறது, எல்லாரும் பந்தைப் பார்க்கிறோம், இவன் மட்டும் டிவியின் ஓரத்தையே பார்க்கிறான். பார்வையில் கோளாறோ என்று எனக்குச் சந்தேகம். ரசம் ஊற்றுகிற சாக்கில் நேர் எதிரே நின்று கண்ணைப் பார்க்கும்படி நாகமணியிடம் சொன்னேன், அவளும் உற்றுப் பார்த்ததில் ரசம் அவன் மடியில் போயிற்று. பாவம், துடைத்துக்கொண்டான். அப்புறம்தான் விவரம் சொன்னான். "அங்கிள், அந்த ஓரத்துல நிக்கிறாரே டேரல், அவர்தான் எங்க பெஸ்ட் கார்னர். அவர் பக்கம் பந்தே வராது பாருங்க. த்ரோ பண்ணா வேஸ்ட்னு எல்லாருக்கும் தெரியும். அதனால டிவில அவரைக் காட்டவே மாட்டாங்க."

அன்றைக்கு என்னைப் பிடித்தது பைத்தியம். வேலையை ஒழுங்காகச் செய்கிற ஒரே காரணத்தால் யார் கண்ணிலும் படாத ஒரு மனுஷன், அவரை எனக்குப் பிடிக்காமல் போகுமா? ஒவ்வொரு வாரமும் டேரலைப் பார்க்க உட்கார்ந்துவிடுவேன். நாகமணி அவருக்குத் துரை என்றே பேர் வைத்துவிட்டாள், துரைக்கு இன்னிக்குக் கால் வலி போல இருக்குங்க, நொண்டறாரு என்பாள். துரை பேர் போட்ட பனியன்கூட ஒன்று வாங்கினேன், அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வரக்கூடாது என்று ஓவியா சொல்லிவிட்டாள்.

வினை இரண்டு வாரத்துக்கு முன்னால் வந்தது. துரைக்கு ஒப்பந்தம் முடிகிறது, புதுசாக எத்தனை வருடம் தருவார்கள் என்று பேப்பரெல்லாம் பேச்சு. அகிலனிடம் கேட்டேன், ஆபீஸ் விஷயம் சொல்லக் கூடாது அங்கிள் என்றான். நியாயம். சரி தம்பி, பேர் வேண்டாம், பொதுவாச் சொல்லு, முப்பது தாண்டின ஒருத்தருக்கு எத்தனை வருஷம் எழுதுவே என்றேன். இட்லியைப் பிட்டுக்கொண்டே சொல்கிறான், "ஜெனரலா ஒரு வருஷம், அங்கிள். முப்பதுக்கு மேல கால் ஸ்லோ ஆகும். பாஸ்ட்டுக்கு, அதாவது ஆடி முடிச்சதுக்கு, பே பண்ணக் கூடாது, ஃப்யூச்சருக்குத்தான் பண்ணணும்."

அக்கா, நான் என் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். ஓவியாவுக்கு இருபத்தெட்டு. இன்னும் ரெண்டு வருஷத்துல இவனுக்கு அவ பாஸ்ட்டா ஃப்யூச்சரா? பையனுக்கே வருகிற ஆவணியில் முப்பது முடிகிறது, அதை அந்தக் கணக்கில் சேர்த்தானா என்பதும் தெரியவில்லை. உங்களிடம் மறைப்பானேன், எனக்குச் சொந்தக் கோபமும் உண்டு. ஜெர்சி சிட்டியில பேங்குக்குப் பேங்கு கான்ட்ராக்ட் வேலையாவே காலம் போச்சு. என் கம்ப்யூட்டர் புரோகிராம்ல தப்பு வந்து யாரும் ராத்திரி எழுந்ததில்லை, அதனாலயே நான் ஒருத்தன் இருக்கிறதும் யாருக்கும் தெரியாது. புதுப்பிக்க வேண்டாம்னு மூணு தடவை என்னை விட்டுட்டாங்க. எங்கேயோ ஒரு ரூம்ல இவன மாதிரி ஒரு கண்ணாடிக்காரன் உட்கார்ந்து எனக்கும் ஒரு வருஷம்னு எழுதிருப்பான்ல?

வீட்டில் சொன்னால் யார் கேட்கிறார்கள். நாகமணி, "இந்த ஊருக்கு வந்த நாள்லருந்து நானுந்தான் உங்க கணக்கு எல்லாத்தையும் பார்க்கறேனுங்க, ஒரு நாளாச்சும் விலை போட்டனா?" என்கிறாள், அது பாராட்டா என்று எனக்கு விளங்கவில்லை. ஓவியா சிரிக்கிறாள். "அப்பா, ப்ளீஸ். ஹி இஸ் நாட் சைனிங் மீ, இது கான்ட்ராக்ட் இல்ல. எனக்கு அவனைப் பிடிச்சிருக்கு. அவன் நீங்க கேட்டதுக்கு நேரா பதில் சொன்னான், அவ்ளோதான்." அந்த நேர் பதில்தான் எனக்குப் பயம் என்று இவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

ஆகவே நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும். ஜாதகத்தைத் திரும்பப் பார்த்தோம், ஏதோ இடிக்கிறது என்று அவர்கள் வீட்டில் சொல்லிவிடுங்கள். பொருந்துகிறது என்று சொன்னதே நீங்கள் என்பதால், மாற்றிச் சொன்னாலும் உங்களைத்தான் நம்புவார்கள்.

மாமாவுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகளுக்கும் பேரன் பேத்திகளுக்கும் எங்கள் ஆசிகள். குலதெய்வம் துணையிருக்கட்டும்.

உங்கள் அன்புத் தம்பி,
நஞ்சப்பன்

பின்குறிப்பு: தபாலாபீஸ் திங்கட்கிழமைதான் திறக்கும் என்று இதை மேஜையில் வைத்திருந்தேன். ஞாயிறு மத்தியானம் செய்தி வந்தது, ஒரு வருடத்துக்கு மேல் தர முடியாது என்று துரையை டீம் விட்டுவிட்டது. சாயங்காலம் கூப்பிடாமலே அகிலன் வந்தான். நாகமணி தட்டு வைத்தாள், தொடவில்லை. நீ எழுதினபடிதானே ஆச்சு, அப்புறம் என்ன என்று நான் கொஞ்சம் குத்தலாகவே கேட்டேன். "நான் எழுதினது கரெக்ட்தான் அங்கிள். திருப்பி எழுதச் சொன்னாலும் அதையேதான் எழுதுவேன்," என்றான். "ஆனா டேரலை இதை அவரோட ஏஜென்ட் மூலமாத் தெரிஞ்சுக்க விடக் கூடாதுன்னு தோணுச்சு. அனௌன்ஸ் பண்றதுக்கு முன்னாடி பெர்மிஷன் வாங்கிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். ரிப்போர்ட் எழுதினது நான்தான்னு சொன்னேன். காபி போட்டுக் குடுத்தாரு." இதைச் சொல்லும்போது பையன் கண் கலங்கிவிட்டது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

அக்கா, வேலை போன மூன்று தடவையும் காலையில் போய் ஆபீஸ் வாசலில் கார்டைத் தேய்த்தால் கதவு திறக்காது, அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. நான்தான் எழுதினேன் என்று என் வீடு தேடி ஒருத்தனும் வந்ததில்லை. வந்திருந்தால் நானும் காபி போட்டுக் கொடுத்திருப்பேன்.

எழுதிய இத்தனை பக்கத்தையும் கிழிக்க மனசு வரவில்லை, அனுப்புகிறேன், நீங்கள் மட்டும் படியுங்கள். மாமாவிடம் ஆவணியில் முகூர்த்தம் பார்க்கச் சொல்லுங்கள்.